அசையாப் படமும் அதனுடன் பேசும் ஒலியும்

நிழற்படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, அவற்றுடன் குரலையும் பிற ஒலிகளையும் இணைத்துக் கதை சொல்லப் பயில்வோர் பெரும்பாலும் ஒலியைப் படத்தின் விளக்கவுரையாக்கி விடுகின்றனர். படத்தில் மழை தெரியும்போது குரலும் மழை பெய்ததென்று கூறுமாயின், இரண்டில் ஒன்று மிகையாகும். படம் சொல்லாததை ஒலியும், ஒலி சொல்லாததைப் படமும் சொல்லுமிடத்தே இவ்வடிவம் தனிக்கலையாகிறது. பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ் மாக்கரின் 'லா ஜெற்றே' (1962) இதற்குத் தக்க சான்றாகும்.

ஏறக்குறைய 28 நிமிடங்கள் ஓடும் இத்திரைப்படம், ஒரேயொரு காட்சி தவிர, முற்றிலும் கறுப்பு வெள்ளை நிழற்படங்களால் ஆனது. மூன்றாம் உலகப் போரில் அழிந்த பாரிஸ் நகரின் நிலவறையிற் கைதியாயுள்ள ஒருவன், சிறுவயதில் ஓர்லி விமான நிலையத்திற் கண்ட பெண்ணின் முகத்தை மறவாதிருக்கிறான். அந்நினைவின் வலிமை காரணமாகவே அவன் கடந்த காலத்துக்கு அனுப்பப்படுகிறான். நினைவு துண்டு துண்டாகவே மனத்தில் நிற்பது; நிழற்படமும் அத்தகையதே. உருவமும் உள்ளடக்கமும் இங்கு பிரிக்கவியலாதவாறு இணைகின்றன.

பரிசோதனை செய்வோர் ஜேர்மன் மொழியில் முணுமுணுக்கின்றனர். பொருள் விளங்காவிடினும் அச்சம் விளங்குகிறது. உறங்கும் பெண்ணின் படங்கள் ஒன்றிலொன்று கரைய, பறவைகளின் ஒலி பெருகுகிறது. அவள் கண் திறக்கிறாள். படம் முழுவதிலும் அசையும் காட்சி இதுவொன்றே. குரல் அப்போது மௌனிக்கிறது. எங்கே பேசாதிருப்பது என்பதை அறிதலும் இக்கலையின் பயிற்சியே.

எனினும் அப்பெண் வாய்திறந்து ஒரு சொல்லேனும் பேசுவதில்லை. அவள் அவனைத் தன் ஆவியென்று அழைப்பதைக்கூடக் கதைசொல்லியே தெரிவிக்கிறான். ஒருவனது நினைவையே பொருளாகக் கொண்ட கற்பனைக்கு இது பொருந்தும். உயிருள்ள மனிதரின் வாழ்வைச் சொல்லும்போது பொருந்தாது. 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை 2009இல், எண்பது இலட்சத்தில் ஒருவர் எனப் பொருள்படும் தலைப்பில், 54 ஒலி நிழற்படத் தொடர்களை வெளியிட்டது. அவற்றில் அந்நகரின் சாதாரண மாந்தர் தத்தம் குரலிலேயே தம் கதையைக் கூறினர். முகத்தைப் படமாக எடுத்துக்கொண்டு குரலை மறுப்பது, ஒருவரை வெறும் காட்சிப் பொருளாக்குவதாகும்.

ஆதலின் மாக்கரிடம் கற்கவேண்டியது படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான இடைவெளியை. அப்பத்திரிகைத் தொடரிடம் கற்கவேண்டியது, அவ்விடைவெளியிற் பேசும் உரிமை யாருக்குரியது என்பதை. முன்னையது உத்தி, பின்னையது அறம். உத்தியை மட்டும் கற்றவன் கதை சொல்லப் பாதியே கற்றவனாவான்.