ஃபார்முலா ரோஸா: ஐந்து நொடிப் பாய்ச்சல்

உயரத்திலிருந்து ஒரு கல்லை நழுவவிட்டால், காற்றின் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும், 4.9 நொடியில் அது எட்டும் வேகம் மணிக்கு 173 கிலோமீட்டர்தான். அபுதாபியின் யாஸ் தீவில், ஃபெராரி வேர்ல்டு பூங்காவில் ஓடும் ஃபார்முலா ரோஸா அதே 4.9 நொடியில் 240 கிலோமீட்டரைத் தொட்டுவிடுகிறது. அதுவும் 16 பேரைச் சுமந்துகொண்டு, நேரே முன்னோக்கி. கீழே விழுவதைவிட வேகமாக முன்னால் போவது எப்படியிருக்கும் என்று உடம்புக்குக் காட்டும் இயந்திரம் இது.

2010 நவம்பரில் பூங்கா திறந்தபோது, உலகின் மிக வேகமான ரோலர் கோஸ்டர் என்ற பட்டம் இதற்கு வந்தது. அதுவரை அதை வைத்திருந்தது அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் நின்ற கிங்டா கா. அதன் வேகம் 206 கி.மீ. இரண்டையும் கட்டியது இன்டமின் என்ற ஒரே நிறுவனம். தன் சாதனையைத் தானே முறியடித்துக்கொண்டது என்று சொல்லலாம்.

வழக்கமான ரோலர் கோஸ்டரில் என்ஜின் கிடையாது. சங்கிலி வண்டியை உச்சிக்கு இழுத்துப் போகும். அப்புறம் எல்லாம் புவியீர்ப்பின் வேலை. அந்த வழியில் 240 கி.மீ. வேகம் வேண்டுமென்றால் குறைந்தது 226 மீட்டர் உயரத்திலிருந்து விழ வேண்டும். ஃபார்முலா ரோஸாவின் மிக உயரமான இடமே 52 மீட்டர்தான். ஆக, இங்கே வேகத்தை மேடு தரவில்லை. வண்டியைத் தூக்கி எறிகிறார்கள்.

எறிகிற முறைதான் இதில் ரசிக்க வேண்டிய பொறியியல். இத்தனை பெரிய சக்தியை அந்தந்த நொடியில் நேரடியாக மின்கம்பியிலிருந்து உறிஞ்சினால் எந்த மின் இணைப்புக்கும் கஷ்டம். அதனால் முதலில் சேமிக்கிறார்கள். பயணிகள் ஏறி உட்கார்ந்து, பாதுகாப்புப் பிடியைச் சரிபார்க்கும் நேரத்தில், பம்புகள் ஹைட்ராலிக் எண்ணெயைப் பெரிய உருளைகளுக்குள் தள்ளுகின்றன. அங்கே அடைபட்டிருக்கும் நைட்ரஜன் வாயு அமுங்கிக்கொண்டே போகிறது. வால்வு திறந்ததும் வாயு விரிந்து எண்ணெயை விரட்ட, எண்ணெய் மோட்டார்களைச் சுழற்ற, மோட்டார்கள் ஒரு பெரிய உருளையைச் சுழற்றுகின்றன. கிணற்று ராட்டினத்தில் கயிறு ஏறுவதுபோல அந்த உருளையில் இரும்புக் கேபிள் சுற்றிக்கொள்கிறது. கேபிளின் மறுமுனையில் இருக்கும் சின்ன இழுவண்டி நம் வண்டியின் அடிப்பாகத்தைக் கவ்வி இழுத்து, உச்ச வேகத்தில் விட்டுவிடுகிறது. சிறுகச் சிறுகச் சேர்த்ததை ஐந்து நொடிக்குள் செலவழித்துவிடும் ஊதாரி இயந்திரம்!

ஏறி உட்கார்ந்தவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? வண்டி ஃபார்முலா ஒன் கார்போலச் சிவப்பாக, கூர்மூக்கோடு இருக்கிறது. கண்ணுக்குக் கவசக் கண்ணாடி தருகிறார்கள். அலங்காரத்துக்கு என்று நினைக்க வேண்டாம். 240 கி.மீ. வேகத்தில் ஒரு மணல் துகளோ பூச்சியோ கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புறப்பட்ட நொடியில் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்கிறது. நம் எடையைவிடச் சராசரியாக 1.4 மடங்கு விசை நெஞ்சைப் பின்னால் அழுத்துகிறது. கத்தலாம் என்று வாயைத் திறந்தால் காற்று உள்ளே புகுந்து கத்தலை அடைத்துவிடுகிறது. கன்னங்கள் தனியாக ஆடுகின்றன. மற்ற கோஸ்டர்களில் உச்சிக்கு ஏறும்போது பயப்பட அவகாசம் கிடைக்கும். இங்கே பயம் வந்து சேர்வதற்குள் வேகம் முழுதும் வந்துவிட்டது.

அதன்பிறகு? இங்கேதான் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு.

தண்டவாளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். இத்தாலியின் மோன்ஸா பந்தயத் தடத்தை மனத்தில் வைத்து வடிவமைத்ததாகச் சொல்கிறார்கள். தலைகீழ்ச் சுற்று ஒன்றுகூடக் கிடையாது. காரணம் எளிது. வளைவில் உடம்பு உணரும் விசை, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். நான்கு மடங்கு விசையோடு திரும்ப, 100 கி.மீ. வேகத்தில் 20 மீட்டர் ஆரம் போதும், 240 கி.மீ. வேகத்துக்கு 113 மீட்டர் வேண்டும். ஆகவே எல்லா வளைவும் பெரிதாக, நிதானமாக நீள்கின்றன. மனிதன் தாங்கும் எல்லை மாறாது. தண்டவாளம்தான் விரிய வேண்டும். அதிகபட்சமாக 4.8 மடங்கு விசை வருகிறது என்பது உண்மைதான். ஆனால் அடுத்து என்ன வருமோ என்ற பதற்றம் பாதியிலேயே வடிந்துவிடுகிறது. காற்றின் தடையும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், கஷ்டப்பட்டுச் சேர்த்த சக்தியில் ஒரு பகுதியைக் காற்றே தின்றுவிடுகிறது.

இருந்தாலும் அந்தப் பெரிய வளைவுகளில் ஒரு நேர்த்தி இருக்கிறது. நேர்க்கோட்டிலிருந்து வட்டத்துக்குச் சட்டென்று மாறினால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். அதனால் ரயில்பாதை, நெடுஞ்சாலைகளில் செய்வதுபோல வளைவு கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, மறுபடி தளர்கிறது. இந்தக் கணக்கை ரோலர் கோஸ்டர் உலகில் நிலைநாட்டியவர் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கல். 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுன்டனில் அவர் கணக்கிட்ட தலைகீழ் வளையம் வட்டமாக இல்லாமல் கண்ணீர்த்துளி வடிவில் இருந்தது அதனால்தான். எஃகுக் குழாய்த் தண்டவாளம் இல்லாமல் இதெல்லாம் நடக்காது. 1959இல் டிஸ்னிலாந்தின் மேட்டர்ஹார்னில் முதலில் வந்த அந்தக் குழாயை, மரத்தை வளைக்க முடியாத விதங்களில் வளைக்கலாம். சக்கரங்கள் குழாயை மேலேயும் பக்கவாட்டிலும் அடியிலும் பிடித்துக்கொள்வதால், மேட்டின் உச்சியில் நாம் இருக்கையைவிட்டு எழும்பினாலும் வண்டி எழும்பாது.

நிற்பதும் அழகாகத்தான் நிற்கிறது. நிரந்தரக் காந்தங்களுக்கு நடுவே உலோகத் தகடு பாயும்போது அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி ஓட்டத்தை எதிர்க்கிறது. உரசல் இல்லை, மின்சாரமும் தேவையில்லை. கரண்ட் போனாலும் பிரேக் பிடிக்கும் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

இந்த எண்ணெய்–நைட்ரஜன் தொழில்நுட்பம் இனி அதிக நாள் பார்க்கக் கிடைக்காது. 2002இல் கலிபோர்னியாவின் எக்ஸலரேட்டரில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டே ஓஹையோவின் டாப் த்ரில் டிராக்ஸ்டர், 2005இல் கிங்டா கா என்று கொடிகட்டிப் பறந்தது. கேபிள், வால்வு, எண்ணெய் என்று பராமரிப்பு வேலை ஓயாத அமைப்பு இது. டிராக்ஸ்டரைப் பிறகு மின்காந்த உந்துதலுக்கு மாற்றிவிட்டார்கள். கிங்டா காவை 2025 பிப்ரவரியில் வெடிவைத்தே தகர்த்தார்கள். சவூதியின் கித்தியாவில் 250 கி.மீ. வேகத்துக்கென வடிவமைத்த ஃபால்கன்ஸ் ஃப்ளைட்டும் மின்காந்தத்தையே நம்புகிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. 140 செ.மீ. உயரம் இல்லாத பிள்ளைகளை ஏற்றமாட்டார்கள்; வரிசையில் நிறுத்திவிட்டு அழவைக்காதீர்கள். இதயக் கோளாறு, கழுத்து, முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும். செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். காற்று முகத்தில் அறைய வேண்டுமானால் முதல் வரிசை. மேட்டின் உச்சியில் வெடுக்கென்று இழுபட வேண்டுமானால் கடைசி வரிசை. என் ஓட்டு முதல் வரிசைக்கு.

ஒன்றரை நிமிடச் சவாரியில் முதல் ஐந்து நொடிக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. மீதி சுமாருக்குக் கொஞ்சம் மேல். வளைவும் தலைகீழும் வேண்டுமென்பவர்கள் அதே பூங்காவிலுள்ள ஃப்ளையிங் ஏசஸில் ஏறட்டும். வேகம் இதில் பாதி, 120 கி.மீ.தான். முழுச் சவாரியாகப் பார்த்தால் அதுவே மேல்.