மரக்கட்டையில் மீன்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நூல்களிலும் பத்திரிகைகளிலும் மீன் வளர்ப்பைக் காட்டும் மரச்செதுக்குப் படங்கள் பல உண்டு. நான் பார்த்தவற்றை இரண்டு வகையாகப் பிரிப்பேன்.

ஒன்று, பிரெஞ்சுக் கருவியல் பேராசிரியர் கோஸ்ட் வகுத்த பொரிப்புத் தொட்டிகள். படிக்கட்டுபோல் அடுக்கியிருக்கும், மேல் தொட்டியின் நீர் கீழ்த் தொட்டிக்கு இறங்கும், கண்ணாடிக் குச்சிகளின்மேல் முட்டைகள் கிடக்கும். 1852-ல் அல்சேஸ் பிரதேசத்து யூனிங்கில் பிரெஞ்சு அரசாங்கம் மீன் பண்ணை அமைத்ததே கோஸ்டின் முயற்சியால்தான். படத்தில் ஒவ்வொரு கோடும் சரி. ஆனாலும் பாத்திரக் கடை விலைப்பட்டியலைப் பார்ப்பது போலிருக்கிறது.

மற்றது, ஓர் ஆள் பெண் மீனைப் பிடித்து, வயிற்றை மெல்ல நீவி, முட்டைகளைப் பாத்திரத்தில் இறக்கும் படம். குறுக்கே அறுத்த பாக்ஸ் மரத்தில் உளி தோண்டிய இடம் அச்சில் வெள்ளை. விட்டுவைத்த இடம் கறுப்பு. மீனின் ஈரப் பளபளப்பெல்லாம் மரத்திலிருந்து எடுத்துவிட்ட பகுதிதான். அழுத்தினால் மீன் சாகும், தளர்த்தினால் நழுவும் என்பதை விரல்களின் வளைவே சொல்லிவிடுகிறது.

இந்த வித்தையை, ஜெர்மனியில் யாக்கோபி பதினெட்டாம் நூற்றாண்டிலேயே செய்திருந்தார். 1840-களில் வோஜ் மலைப்பக்கம் ட்ரௌட் மீன்களைக் கவனித்துக் கவனித்துத் தாமே கண்டுபிடித்தவர் ஜோசப் ரெமி என்ற சாதாரண மீனவர். கோஸ்டின் தொட்டிகளுக்கு முன்னால் இருந்தது அந்தக் கைப்பழக்கம்தான். இரண்டாவது படம் அதை மறக்கவில்லை. அதனால்தான் அது கலை என்கிறேன்.

நம் நாவல்களிலும் தொட்டிகளின் வர்ணனைக்குக் குறைவில்லை. மீனைப் பிடித்த கையைத்தான் தேட வேண்டியிருக்கிறது.