அகஸ்டினின் பத்தாம் புத்தகம்

சபைகளில் சாட்சி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் அமைப்பு மனப்பாடம். முன்னாடி இப்படி இருந்தேன், இன்ன தேதியில் ஆண்டவர் தொட்டார், இப்போ இப்படி இருக்கிறேன். அந்தத் தேதிக்குப் பிறகும் பழைய பிரச்சினை தீராதவர் மைக் பக்கமே போக மாட்டார். பின் வரிசையில் உட்கார்ந்து, தன் விசுவாசம்தான் போலியோ என்று யோசித்துக்கொண்டிருப்பார்.

புனித அகஸ்டினின் ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலையும் நம் பிரசங்கங்கள் இதே அச்சில்தான் வார்க்கின்றன. தாய் மோனிக்காவின் கண்ணீர், தறிகெட்ட மகன், 386இல் மிலான் நகரத் தோட்டம், சுவருக்கு அப்பாலிருந்து குழந்தைக் குரல், ரோமர் 13ஆம் அதிகாரம். அங்கேயே ஆமென். ஆனால் அது எட்டாம் புத்தகம். மொத்தம் 13 இருக்கின்றன.

முதலில் அவருக்கு எவையெல்லாம் தடையாக இருந்தன என்று பார்ப்போம். 19 வயதில் சிசரோவைப் படித்துச் சூடேறி பைபிளைத் திறக்கிறார். நடை மட்டமாகத் தெரிகிறது, மூடிவிடுகிறார். தீமை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மானிகேயர்கள் பதில் தருகிறார்கள் என்று நம்பி ஒன்பது வருடம் அவர்களோடு திரிகிறார். கடவுளை ஓர் உடலாக அல்லாமல் கற்பனை செய்யவே அவரால் முடியவில்லை. மிலானில் ஆயர் அம்புரோஸின் பிரசங்கத்தைக் கேட்டபோது பழைய ஏற்பாட்டை உருவகமாகவும் வாசிக்கலாம் என்று புரிகிறது. பிளேட்டோனியர்களின் நூல்கள் மற்ற இரண்டு முடிச்சுகளையும் அவிழ்க்கின்றன: கடவுள் உடல் அல்ல, தீமை தனிப்பொருள் அல்ல, நன்மையின் குறைவு.

ஆக, ஏழாம் புத்தகம் முடியும்போது பெரிய கேள்வி எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் எட்டாம் புத்தகம் தொடங்கும்போது ஆள் அசையாமல் அங்கேயேதான் நிற்கிறார். எனக்கு இந்த இடம் முக்கியமாகப் படுகிறது. இளைஞர் கூட்டங்களில் படைப்பா பரிணாமமா, பைபிளில் முரண்பாடு உண்டா என்று பதில்களாகவே அடுக்குகிறோம். பதில் கிடைத்தால் விசுவாசம் தானாக வந்துவிடும் என்ற கணக்கு. அகஸ்டினுக்கு அந்தக் கணக்கு உதவவில்லை. விடிந்துவிட்டது என்று தெரிந்தும் இன்னும் கொஞ்ச நேரம் என்று படுக்கையில் புரளுகிறவனோடு தன்னை ஒப்பிடுகிறார். பழக்கம் நாளடைவில் கட்டாயமாகவே ஆகிவிடுகிறது என்பது அவர் தரும் விளக்கம். (அலாரம் வைத்து எழுகிற எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை.)

இனி பத்தாம் புத்தகம். தோட்டச் சம்பவம் நடந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் இப்போது ஹிப்போ நகரின் ஆயர். இன்றைக்கு நான் எப்படி இருக்கிறேன் என்று எழுத உட்காருகிறார். கனவில் பழைய காட்சிகள் இன்னும் வருகின்றன. சாப்பிடும்போது பசி எங்கே முடிகிறது, ருசி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சங்கீதம் பாடும்போது சொல்லை விடக் குரலில் மனம் போய்விடுகிறது. அப்படியானால் இசையே வேண்டாமோ என்று யோசிக்கிறார், பிறகு ஆரம்ப நாட்களில் அதே பாட்டுக்கு அழுதது ஞாபகம் வந்து தயங்குகிறார். வீட்டில் பல்லி ஈ பிடிப்பதை வேடிக்கை பார்த்தபடி ஜெபத்தை மறந்துபோகிறார். புகழ்ச்சி பிடிக்கிறது, அதில் தன்னைத் தானே நம்ப முடியவில்லை என்கிறார்.

மென்பொருள் வெளியான அன்று நாங்கள் கேக் வெட்டுவோம். பக் ரிப்போர்ட் மறுநாள்தான் வர ஆரம்பிக்கும். பத்தாம் புத்தகத்தை வாசிக்கும்போது எனக்கு அந்த மறுநாள்தான் ஞாபகம் வரும்.

அன்றே இதற்கு எதிர்ப்பும் இருந்தது. நீர் கட்டளையிடுவதைச் செய்யும் பலத்தையும் நீரே தாரும் என்ற பொருளில் இந்தப் புத்தகத்தில் ஒரு ஜெபம் வருகிறது. ரோமில் ஓர் ஆயர் அதைச் சொல்லக் கேட்ட பெலேஜியஸ் பொறுக்காமல் வாதாடினார் என்று அகஸ்டினே பின்னாளில் எழுதியிருக்கிறார். பெலேஜியஸின் பயத்தை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். எல்லாம் கிருபை என்றால் சோம்பேறிக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் பல்லிக்காகக்கூட வருத்தப்படுகிற மனிதரைச் சோம்பேறி என்று எப்படிச் சொல்வது?

என் குறை வேறொன்று. பதினைந்து வருடம்போல அவருடன் வாழ்ந்து, அதியோதாத்துஸ் என்ற மகனைப் பெற்ற ஒரு பெண் இருந்தாள். வசதியான இடத்தில் சம்பந்தம் பேச அவள் இடைஞ்சல் என்று ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். நிச்சயித்த சிறுமிக்கோ கல்யாண வயதுக்கு இன்னும் ஏறக்குறைய இரண்டு வருடம். ரோமச் சட்டப்படி அந்த வயதே 12தான். அதுவரை பொறுக்க முடியாமல் இவர் வேறொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டார். போனவளோ இனி வேறு ஆண் இல்லை என்று நேர்ந்துகொண்டு போனாள். இதெல்லாம் ஆறாம் புத்தகத்தில் இருக்கிறது. அவள் பிரிவில் தன் இதயம் கிழிந்து ரத்தம் வடிந்ததாக எழுதுகிறார்; அவள் இதயம் பற்றி எதுவும் இல்லை. பத்தாம் புத்தகத்தின் அவ்வளவு நீளமான கணக்கிலும் அவள் வரவில்லை. தன் ஆசையைப் பாவமாகப் பார்த்தவருக்கு, அவளுக்குச் செய்த அநியாயம் இன்னும் கண்ணில் படவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எத்தனையோ வழக்கங்களை அவரே கேள்வி கேட்டிருக்கிறார்.

இந்த வருத்தத்தோடுதான் பல காலம் இருந்தேன். பிறகு, ‘கன்ஃபெஷன்ஸ்’ முடிந்து சிறிது காலத்தில், 401 வாக்கில், திருமணத்தின் நன்மை பற்றி அவர் எழுதிய சிறு நூலைப் படித்தேன். ஆரம்பப் பகுதியிலேயே ஒரு உதாரணம் வருகிறது. அந்தஸ்துக்கும் வசதிக்கும் ஏற்ற இடம் கிடைக்கும்வரை ஒருத்தியை வைத்துக்கொண்டிருப்பவன் மனதளவில் விபசாரக்காரன். வரப்போகிற மனைவி விஷயத்தில் அல்ல, இப்போது கூட இருப்பவள் விஷயத்தில்தான் என்கிறார். அவள் அவனுக்கு உண்மையாக இருந்து, பிறகும் வேறு ஆணைத் தேடாமல் இருந்தால், அவளைச் சுலபமாக அப்படிச் சொல்லிவிட மாட்டேன் என்கிறார். முறையாகக் கல்யாணம் செய்த பல பெண்களைவிடவும் அவளை ஒரு விதத்தில் மேலாக வைக்கிறார்.

உதாரணம் என்ற பெயரில்தான் எழுதுகிறார். ‘நான்’ என்ற சொல்லை அங்கே தன் கதைக்குப் பயன்படுத்தவில்லை. அவள் பெயரும் இல்லை.