ஆறுமணிக்குருவிக்கு ஒரு டவுன் பஸ்

பறவை பார்ப்பதற்காகக் கோஸ்டா ரிகாவுக்கும் போர்னியோவுக்கும் லட்சக்கணக்கில் செலவழித்துப் பறக்கிறார்கள். போகட்டும், மகராசர்களாக இருக்கட்டும். எனக்குத் தொண்டாமுத்தூர் டவுன் பஸ் போதும். கோவை நகரத்திலிருந்து மேற்கே 15 கிலோமீட்டர் சொச்சம். 2021-லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. ஆகவே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்துக்கு நான் போய்வருகிற மொத்தச் செலவு, இறங்கியதும் பேக்கரியில் குடிக்கிற டீயும் ஒரு தேங்காய் பன்னும்தான்.

வழிகாட்டி கிடையாது, ஜீப் கிடையாது, வன விடுதி கிடையாது. கழுத்தில் பைனாகுலர், பைக்குள் தண்ணீர், க்ரியா வெளியிட்ட ஜெகநாதன்–ஆசை பறவைக் கையேடு. இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு பெண் தனியாகக் கிளம்பிப்போய், காலை பத்து மணிக்குள் காட்டுப் பறவையும் மேட்டாங்காட்டுப் பறவையும் கண் நிறையப் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடிகிற இன்னொரு இடம் தமிழ்நாட்டில் இருந்தால் சொல்லுங்கள். வேடந்தாங்கல்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இத்தனைக்கும் காரணம் நிலத்தின் அமைப்பு. தொண்டாமுத்தூர் வட்டாரத்துக்கு வடக்கே, மேற்கே, தெற்கே என்று மூன்று பக்கமும் மலை. கிழக்கே மட்டும் திறப்பு. வெள்ளியங்கிரியிலும் அதையொட்டிய மலைகளிலும் பிறக்கிற ஓடைகள் சேர்ந்துதான் நொய்யல் ஆகிறது. ஆனி ஆடியில் நகரத்தில் வெறும் காற்றடித்துப் புழுதி பறக்கும்போது இங்கே சாரல் விழுந்துகொண்டிருக்கும். அந்த ஈரத்தில்தான் பாக்கும் வாழையும் தென்னையும் செழிக்கின்றன. காட்டுப் பறவை பாக்குத் தோப்பின் நிழலைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும்; சமவெளிப் பறவை மானாவாரிக் காட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் நாம் நிற்கிறோம். கரண்டு கம்பியில் பனங்காடை உட்கார்ந்து பூச்சிக்குக் காத்திருக்கும். அங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மூங்கில் புதரில் துடுப்புவால் கரிச்சான், ஊரிலுள்ள அத்தனை பறவைகளின் குரலையும் மாற்றி மாற்றிப் பேசி நம்மைக் குழப்பும். வைரியின் குரல் கேட்டு வானத்தைத் துழாவுவோம்; கத்தியது கரிச்சானாக இருக்கும்.

இந்த வட்டாரத்தில் எனக்கு உயிரான இடம் எது என்று கேட்டால் அருவி என்றோ மலை என்றோ சொல்ல மாட்டேன். இட்டேரி! இரண்டு தோட்டங்களுக்கு நடுவே ஒரு வண்டி போகிற அகலத்தில், இருபுறமும் கிளுவையும் கள்ளியும் பிரண்டையும் கோவைக்கொடியும் மண்டிக் கிடக்கிற கொங்கு நாட்டு மண்பாதை. பறவைக்காக யாரும் போட்டதில்லை. மாட்டை ஓட்டிப்போகவும் வெள்ளாமையைக் காக்கவும் போட்டது. ஆனால் வேலிக்குள் கூடு கட்டலாம், பழம் தின்னலாம், வல்லூறு வந்தால் ஒளியலாம். வேறென்ன வேண்டும் ஒரு குருவிக்கு?

காலை ஆறரைக்கு இட்டேரிக்குள் நுழைந்தால் முதலில் வருவது தவிட்டுக்குருவிக் கூட்டம், கத்திக்கொண்டே. அதன் பிறகு கௌதாரி, செண்பகம், தையல்சிட்டு, கொண்டைக்குருவி. பொறுமையாக ஓரிடத்தில் நின்றால் பச்சைவாயன் வரும். குயில் இனத்தைச் சேர்ந்த இந்தப் பறவை புதருக்குள்ளேயே ஊர்ந்து ஊர்ந்து போகும். வாலின் வெள்ளை நுனிகளும் கண்ணைச் சுற்றிய நீல வட்டமும் மட்டும் ஒரு கணம் தெரிந்து மறையும். அந்த ஒரு கணத்துக்காக அரை மணி நேரம் கொசுக்கடியில் நிற்கலாம், தாராளமாக. இப்போது பல இட்டேரிகளைப் பிடுங்கிவிட்டுக் கம்பிவலை அடித்துவிட்டார்கள். கம்பிவலையில் உட்காரக் கரிச்சான் வரும், மறுக்கவில்லை. கூடு கட்ட எது வரும்?

குளிர்காலத்து இட்டேரியில் இன்னொரு விருந்தாளி உண்டு. எட்டு கிராம் எடைகூடத் தேறாத இலைக்கதிர்க்குருவி. பச்சையாக இருக்கும், இலைக்குள் இருக்கும், ஓயாமல் நகரும். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தாலும் சரியாகத் தெரியாது. பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதலில் வெறுக்கிற குருவி இதுதான். இந்தக் குருவிகளில் ஒரு வகை காகசஸ் மலைப் பக்கத்திலும் வடக்கு ஈரானிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலம் கழிக்க மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறது. வந்ததும் ஆளுக்கொரு மரம் என்று எல்லை பிரித்துக்கொண்டு, அடுத்தவன் நுழைந்தால் விரட்டி, கோடை வரைக்கும் அதே இடத்தில் காலந்தள்ளும். ஈரானிலிருந்து வந்து தொண்டாமுத்தூரில் ஒரு வேப்பமரத்துக்குச் சொந்தம் கொண்டாடுகிறது! இது தெரிந்த பிறகு அந்தக் குருவியை வெறுக்க முடிகிறதா, சொல்லுங்கள்.

சொந்தம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பைனாகுலரோடு தோட்டங்களைப் பார்த்துக்கொண்டு நடக்கிற எவரையும் இந்த ஊர் முதலில் நிலம் வாங்க வந்தவர் என்றுதான் நினைக்கும். "ஏனுங் அம்மிணி, எடம் பாக்க வந்தீங்ளா? ரோட்டு மேலயே இருக்குது, தண்ணி வசதியோட" என்று பத்திரமும் கையுமாகத் தயாராகிவிடுவார்கள். இல்லை, குருவி பார்க்க வந்தேன் என்றால் ஒரு நிமிடம் மௌனம். பிறகு, "குருவியா? அதுக்கு இத்தன தூரம் வரோணுமா?" வரோணும் என்று சொல்லி, பைனாகுலரைக் கையில் கொடுத்து, பாக்கு மரத்தில் பொந்து குடைகிற மரங்கொத்தியைக் காட்டினால் போதும். அடுத்த முறை போகும்போது அவரே, "உங்க குருவி அந்தப் பள்ளத்துல கத்துது, போய்ப் பாருங்க" என்பார். என்னுடைய நல்ல பறவைகளில் பாதியை எனக்குக் காட்டியது இப்படிப்பட்ட தோட்டத்துக்காரர்கள்தான். எந்த ஆப்பும் இதற்கு ஈடில்லை.

இதுவரை சொன்னது ஏற்றங்கள், இனி இறக்கங்கள். யானையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வெடியால முதல் பஸ்ஸில் வந்திறங்கி, தோப்போரம் நடக்கத் தொடங்கியதுமே ஒரு சாளை வாசலிலிருந்து குரல் வரும். "கண்ணு, அக்கட்டப் போவாதீங்க. ராத்திரி பூரா ரெண்டு நிக்குது வாழைக்குள்ள. பட்டாசு வெச்சும் நகரல." அவ்வளவுதான், அன்றைய நடை முடிந்தது. இங்கே யானை நிற்கிறது என்றால் சும்மா பயமுறுத்தலில்லை. இந்த அடிவாரம் முழுக்க யானை வந்துபோகிற தடம். வாழையும் சோளமும் தென்னங்குருத்தும் அதற்குப் பிடித்தவை. தோட்டத்துக்காரர்கள் இரவெல்லாம் கண்விழித்துக் காவல் கிடக்கிறார்கள். விடிய விடியப் பட்டாசு வெடித்த தோப்பில் காலையில் குருவிச் சத்தமே இருக்காது. மரத்துக்கு மரம் வெறிச்சென்று கிடக்கும். முதல் பஸ்ஸைப் பிடிக்க நாலு மணிக்கு எழுந்தவளுக்கு அழுகை முட்டும்.

அப்படியொரு காலையில், "டீத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கயிற்றுக்கட்டிலைத் தட்டிப்போட்டார் அந்த வீட்டு அம்மா. கட்டுத்தரையைப் பார்த்து உட்கார்ந்தேன். எதிரே தலையிழந்த தென்னை ஒன்று. அதன் பொந்திலிருந்து புள்ளி ஆந்தைக் குஞ்சு எட்டிப் பார்த்தது. மாட்டுச் சாணத்தைக் கிளறிக் கொண்டலாத்தி புழு பொறுக்கியது. கட்டுத்தரைக் கூரைக்கு மேலே, அத்தி மரத்துக்கு மலை இருவாச்சி ஒரு ஜோடி வந்து இறங்கியது! சிரிப்பது போலவே கத்துகிற, தலைக்கு மேலே கொம்பில்லாத, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத இருவாச்சி. டம்ளரை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. "அதுங்களா? அத்தி பழுத்தா வரும்" என்றார் அந்த அம்மா, பாலைக் கறந்துகொண்டே.

மற்ற இறக்கங்கள் சில்லறை. சாரலில் பைனாகுலர் கண்ணாடி மூடிக்கொள்ளும். புல்லில் நடந்தால் உண்ணி ஒட்டும். தோட்டத்து நாய்கள் ஆளைப் பார்த்தால் குரைக்கும், பைனாகுலரைத் தூக்கினால் இரட்டிப்பாகக் குரைக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளியங்கிரி அடிவாரத்துக்குப் போகிற பூண்டிச் சாலையில் கார்கள் வரிசைகட்டி ஹாரன் அடிக்கும். அன்றைக்கு அந்தப் பக்கமே போகக் கூடாது. பிறகு மயில். 1963-லிருந்து தேசியப் பறவை, மிக அழகு, எல்லாம் சரி. பத்து மயில் ஒன்றாக அகவத் தொடங்கினால் வேறொரு குரலும் காதில் விழாது. விதைத்த நிலத்தையும் தக்காளிச் செடியையும் அது கொத்திப் போட்டிருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் விவசாயியின் எரிச்சல் நமக்கும் புரியும். மயிலை ரசிக்கிறவர்கள் தொண்டாமுத்தூர் தோட்டத்துக்காரரிடம் போய் ரசனை பேசாமல் இருப்பது நல்லது.

ஆனால் இத்தனை இறக்கத்தையும் ஒரே பறவை சரிக்கட்டிவிட்டது. ஆறுமணிக்குருவி.

இமயத்து அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசி வாக்கில் இரவு நேரங்களில் பறந்து தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்துசேர்கிற பறவை. வந்து இறங்கும்போது களைத்துப்போய் வீட்டு மாடியிலும் திண்ணையிலும் விழுந்து கிடப்பதுண்டு. காலையும் மாலையும் ஆறு மணியையொட்டி இரண்டே சுரத்தில் ஒரு கூவல். மற்ற நேரமெல்லாம் தரையில் சருகுக்குள் பூச்சி தேடிக்கொண்டு சத்தமில்லாமல் இருக்கும். உலகம் முழுக்கப் பறவைப் பித்தர்களுக்கு இது சேர்ந்த பிட்டா குடும்பத்தின் மேல் ஒரு கிறுக்கு. பிரிட்டன்காரர் ஒருவர் வேலையையே விட்டுவிட்டு, 2009-ல் ஒரே ஆண்டுக்குள் உலகத்திலுள்ள அத்தனை பிட்டாக்களையும் பார்த்துவிடுவது என்று நாடு நாடாக அலைந்து புத்தகமும் எழுதினார். நான் வேலையை விடவில்லை. சனிக்கிழமைகளை விட்டேன்.

நரசீபுரம் பக்கத்துப் பள்ளம் ஒன்றில் அந்தக் குரலைக் கேட்டுக்கேட்டே ஒரு பருவம் போனது. குரல் இடது பக்கம் கேட்கும். இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் கேட்கும். ஆறே கால் ஆனதும் வாயை மூடிக்கொள்ளும். கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைக்கலாம், பலர் செய்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நூற்றுக்கணக்கான மைல் பறந்து வந்து ஒரு துண்டு நிழலைப் பிடித்து வைத்திருக்கிற பறவையிடம், எதிராளி வந்துவிட்டான் என்று பொய் சொல்லி அலைக்கழிப்பது என்ன ரசனை?

அடுத்த கார்த்திகையில் அது தானாகவே வந்தது. வெயில் ஏறிவிட்டிருந்தது, குரல் அடங்கி வெகு நேரம். பள்ளத்தோரப் பாக்குத் தோப்பில் சருகு புரளுகிற சத்தம். ஓணான் என்று நினைத்துத்தான் பைனாகுலரைத் தூக்கினேன். கருப்புக் கண்பட்டை. பச்சை முதுகு. சந்தன நிற மார்பு. அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. சிறகில் பளீரென்று ஒரு நீலத் துண்டு. வால் என்று ஒன்று இருப்பதே முதலில் தெரியவில்லை. 19 சென்டிமீட்டர் நீளத்துக்குள் இத்தனை நிறத்தையும் அடைத்துவைத்தது யார்? ஒரு சருகைப் புரட்டியது, புழுவை எடுத்தது, இரண்டு தத்து தத்தியது, வாலை மேலும் கீழும் ஆட்டியது. நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. படம் எடுக்கவில்லை, கை நடுங்குகிறபோது என்ன படம்? பிறகு பஸ்ஸில் முழு வழியும் சிரித்துக்கொண்டே வந்திருக்கிறேன் போல, பக்கத்துச் சீட்டுப் பாட்டி, "என்ன கண்ணு, மாப்ள பாத்துட்டு வரீங்ளா?" என்றார்.

சீகாரப் பூங்குருவியையும் சொல்லாமல் விட முடியாது. மனிதர் சீட்டியடிப்பது போலவே பாடுகிற கருநீலப் பறவை. சிறுவாணிச் சாலையில் ஆலாந்துறை தாண்டிச் சாடிவயல் பக்கத்து ஓடைகளில், மழைக்காலத்து விடிகாலையில் கேட்கலாம். கோவைக் குற்றாலத்துக்குள் போனால்தான் பார்க்க முடியும் என்பதில்லை. வாசல் திறந்து சீட்டுக் கொடுப்பதற்கு வெகு முன்பே அது கச்சேரியை முடித்துவிடும். வெள்ளம் வந்தால் வாசலும் திறக்காது.

திரும்பும் வழியில் தெம்பிருந்தால், சித்திரைச்சாவடி அணைக்கட்டிலிருந்து நொய்யல் தண்ணீர் போகிற குளங்களில் ஒன்றில் இறங்குங்கள். கிருஷ்ணாம்பதியிலோ செல்வாம்பதியிலோ கரையில் நின்றாலே கூழைக்கடா, முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி. அரை மணி நேரம் போதும். இன்னும் பித்து முற்றினால், மலைக்கு அந்தப் பக்கம் ஆனைகட்டியில் 1990-ல் தொடங்கிய சலீம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. அந்தச் சாலையும் அருமையான நடை.

வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்காதீர்கள். தேவையும் இல்லை, இட்டேரியும் பள்ளமும் போதும். தோட்டத்துக்குள் நுழையும் முன் ஒரு குரல் கொடுங்கள். எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று பேக்கரியிலேயே விசாரித்துவிடுங்கள். அவர்கள் போகாதே என்றால் போகாதீர்கள். பொழுதோட இருட்டுவதற்கு முன்பே பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். பார்த்த பறவைகளை ஈபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கிற பறவைக் கணக்கெடுப்புக்கு இந்த ஊரிலிருந்தும் நாலு பட்டியல் போகட்டும். முக்கியமாக, மார்ச் முடிவதற்குள் வாருங்கள். அதற்கப்புறம் ஆறுமணிக்குருவி வடக்கே கிளம்பிவிடும்.