தலைகீழாக்கிப் பெருக்கினால் போதுமா?

ஆரம்பப் பள்ளிக் கணக்கு ஆசிரியர்களைப் பற்றி லிபிங் மா 1999-ல் வெளியிட்ட ஆங்கிலப் புத்தகத்தில், மூன்றாம் அத்தியாயம் முழுக்க ஒரே கணக்குதான்: 1¾ ÷ ½. விடை என்ன, இதற்குப் பொருந்தும் ஒரு கதைக் கணக்கு சொல்லுங்கள் என்று அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் கேட்டிருக்கிறார்.

அமெரிக்கர்களில் 21 பேர் போட்டுப் பார்த்து, 9 பேர்தான் முழு விடைக்கு வந்தார்கள். பொருந்தும் கதை சொன்னவர் ஒரே ஒருவர். சீன ஆசிரியர்கள் எல்லோருக்கும் விடை சரி. 65 பேர் கதையும் சொன்னார்கள்.

இதைப் படித்துவிட்டு 'சீனாக்காரன் கெட்டிக்காரன்' என்று முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. 23 பேரை வைத்து ஒரு நாட்டை எடை போட முடியாதுங்க. எனக்கு முக்கியமாகப் படுவது, தவறு நடந்த இடம். பத்துப் பேர் அரையால் வகுப்பதை இரண்டால் வகுப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அதாவது, ஒன்றே முக்கால் பண்டத்தை இரண்டு பேருக்குப் பங்கு போடுவது. அதற்கு விடை ⅞. கேட்டதோ வேறு.

ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். மூன்று பாட்டில் நிறையும், கால் லிட்டர் மிஞ்சும். அப்படியானால் விடை 3¼ தானே என்று ஒரு பிள்ளை கேட்கும். நல்ல கேள்வி! மிஞ்சியது கால் லிட்டர், ஆனால் அரைப் பாட்டில். நாம் எண்ணுவது பாட்டிலை. அதனால் விடை 3½. 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் இந்தக் கேள்வி எழவே எழாது.

ஏன் தலைகீழாக்க வேண்டும் என்பதற்கும் சீன ஆசிரியர்கள் பதில் வைத்திருந்தார்கள். இரண்டு எண்களையும் ஒரே எண்ணால் பெருக்கினால் ஈவு மாறாது. இரண்டால் பெருக்குங்கள்: 3½ ÷ 1. விதி அவ்வளவுதான், அதில் மந்திரம் ஒன்றுமில்லை.

புத்தகத்தின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. இது நேர்காணல் ஆய்வு. கதை சொல்லத் தெரிந்த ஆசிரியரின் மாணவர்கள் பின்னத்தை எவ்வளவு புரிந்துகொண்டார்கள் என்பதை இந்த அத்தியாயம் அளக்கவில்லை. ஆனாலும், தனக்கே அர்த்தம் தெரியாத விதியை ஒருவர் எப்படிப் புரியவைப்பார்? உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் விடையைக் கேட்காதீங்க, கதையைக் கேளுங்க.