சுரங்கம் மூடிய ஊரில் சபை

கோலார் தங்கவயலில் ஒரு வீட்டில் மரணம் நேர்ந்துவிட்டால், அங்குள்ள கிறிஸ்தவ சபைகளின் மேன்மை முழுவதையும் அந்த ஓர் இரவிலேயே கண்டுகொள்ளலாம். சுரங்கத் தொழிலாளரின் லைன் வீட்டு ஒற்றை அறையில் பெட்டி கிடக்க, ஆலயத்து பெஞ்சுகள் வாசலுக்கு வந்துவிடும். கீர்த்தனை அறியாத அண்டை வீட்டாரும் பல்லவிக்குக் குரல் கொடுப்பர். விதவையின் அருகே அமர்ந்திருக்கும் மூதாட்டி, உபதேசம் ஒன்றும் செய்யாமல், விடியும்வரை அவள் கையைப் பற்றிக்கொண்டிருப்பாள்.

இந்தப் பழக்கத்தைக் கற்பித்தது சுரங்கமே. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே காலூன்றியபின், வட ஆற்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து வந்த, பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட குலத்தவரான தமிழர்கள், நாளடைவில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி உழைத்தார்கள். பாறை வெடித்துச் செத்தவர் சிலர். பாறைத்தூள் நுரையீரலில் படிந்து, இருமி இருமி, ஆண்டுக்கணக்கில் செத்தவர் பலர். சாவு ஷிப்டு பார்த்து வருவதில்லை. ஆதலால் அதற்குத் துணைநிற்கத் தெரிந்த சபை இங்கே உருவானது.

ஆனால் 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தைப் பின்னாளில் நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது நேர்ந்தது வேறுவகை மரணம். ஆள் உயிரோடிருக்க, அவன் பிழைப்பு செத்தது. அதற்குரிய ஆராதனை முறை எந்த ஜெபபுத்தகத்திலும் இல்லை. வேலையிழந்து குடியில் வீழ்ந்தவனைச் சபை அறவே கைவிட்டுவிட்டது என்று சொன்னால் அது அபாண்டம். உபவாச ஜெபமும் வீட்டு ஜெபமும் பலரை எழுப்பி நிறுத்தியதுண்டு. எழுந்தவனைச் சாட்சி சொல்ல மேடையேற்றுவதில் காட்டும் உற்சாகந்தான் என்னை உறுத்துகிறது. மறுமாதம் அவன் மீண்டும் குடித்துவிட்டால், தன் வெற்றியைக் கேட்டு அல்லேலூயா சொன்ன அதே முகங்களுக்கு முன் எப்படி வருவான்? வெட்கமே அவனுக்கு ஆலயக் கதவைச் சாத்திவிடுகிறது. அன்றியும், கம்பெனியின் முடிவால் வந்த கஷ்டத்தைத் தனிமனிதனின் பாவமாக்கிப் பிரசங்கிப்பது ஆறுதலாகாது. அவன் சுமையின்மேல் ஏற்றும் இன்னொரு சுமை. கம்பெனி தரவேண்டிய நிலுவைத் தொகைக்கு மனு எழுத உட்கார்ந்தவனுக்கு அருகே ஒரு மணிநேரம் அமர்வதும் ஊழியமே என்று எண்ணும் போதகர்கள் சிலரேனும் உண்டு. எனினும் அது அவரவர் தயவாக நிற்கிறதேயன்றி, சபையின் கடமையாக வேரூன்றவில்லை.

இவ்விடத்தில் இவ்வூரின் மாரிக்குப்பத்துப் பௌத்தர்களை நினையாமலிருக்க முடியவில்லை. அயோத்திதாச பண்டிதரின் வழிநின்ற அத்தமிழர்கள், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், இதே தொழிலாளர் நடுவே சங்கம் கண்டு, பத்திரிகை படிப்பதையும் தன்மானத்தோடு தலைநிமிர்ந்து நிற்பதையும் சமய வாழ்வின் அங்கங்களாகவே கொண்டார்கள். ஆத்மாவையும் அரிசியையும் அவர்கள் இரண்டாகப் பிரித்துப் பார்க்கவில்லை. பரமண்டல ஜெபத்தில் அன்றாட அப்பத்தையும் சேர்த்தே கேட்கும் கிறிஸ்தவர்களுக்கு இது அந்நிய போதனையன்று.

இன்று இவ்வூரின் உழைப்பாளிகளில் ஒரு பெரும்பகுதி விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், இருட்டியபின் திரும்புகிறது. புதன்கிழமை மாலை ஜெபம் என்றால், அதற்கு வருவோர் வயோதிகரும் குழந்தைகளுமே. தூக்குச்சட்டியோடு ரயிலிலிருந்து இறங்குகிறவன் ஆலயத்தைக் கடக்கும்போது, கோயில்பிள்ளை விளக்கை அணைத்துவிட்டுச் சாவியைத் திருகிக்கொண்டிருக்கிறார்.