ஜெராய் மலையடியில் ஓர் ஆட்ட உலகம்: மூன்று எஞ்சின்களின் பரீட்சை

கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியிலோ கூலிமிலோ பீடோங்கிலோ இருந்துகொண்டு, தன் தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டத்தையே களமாக வைத்துக் கணினி விளையாட்டு ஒன்றை இயற்ற வேண்டும் என்று சங்கல்பம் செய்துகொள்ளும் தமிழ் இளைஞர் ஒருவர், முதல் வரி எழுதும் முன்பாகவே எதிர்கொள்ளும் கேள்வி, எந்த எஞ்சினைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான். மரமும் மனிதரும் திரையில் தோன்றுவதற்கும், அவற்றின் மேல் ஒளி படிவதற்கும், ஒன்றோடொன்று மோதினால் நிற்பதற்கும், எழுத்தும் ஓசையும் உரிய வேளையில் வந்து சேர்வதற்கும் வேண்டிய அடிப்படைக் காரியங்களையெல்லாம் தன்னுள் அடக்கி வைத்திருக்கும் அந்த மென்பொருளை, விளம்பரச் சித்திரங்களின் அழகை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கதை நடக்கும் களம் எது, பேசும் மொழி எது, ஆடப்போகிறவர் வீட்டில் இருக்கும் கணினி எத்தகையது என்ற மூன்றையும் நிர்ணயித்துக்கொண்ட பிறகே எஞ்சினைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தோடுதான் அன்ரியல், யூனிட்டி, கோடோ ஆகிய மூன்றிலும் ஒரே காட்சியை அமைத்துப் பார்த்தேன்.

காட்சி இதுதான்: 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையின் அடிவாரத்தில், விடிவதற்கு முந்தைய இருட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நெற்றி விளக்கோடு மரநிரைக்குள் நுழையும் ஒரு பெண், அவளுக்குப் பின்னால் லயன் வீடுகள், பாதையின் கோடியில், தொல்லியல் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் 1930களில் அகழ்ந்து ஆராய்ந்ததும், 1960ஆம் ஆண்டையொட்டிக் கல்லடுக்கி மறுபடியும் நிறுத்தப்பட்டதுமான மெர்போக் சண்டி புக்கிட் பத்து பகாட். அந்தப் புராதனக் கோயிலின் கருங்கல் அடித்தளம் மட்டுமே இன்று நிற்கிறது. அழியும் பொருள்களால் ஆன அதன் கூரை எப்படி இருந்திருக்கும் என்பதை எந்த எஞ்சினும் சொல்லித் தராது, ஆட்டத்தை இயற்றுகிறவரே சிந்தித்து முடிவு செய்ய வேண்டும். தனிச் சித்திர அட்டை பொருத்திய மேசைக் கணினி ஒன்றிலும், அத்தகைய அட்டை இல்லாத பழைய மடிக்கணினி ஒன்றிலும் இந்தக் காட்சியை ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது வகைக் கணினிதான் நம் வீடுகளில் சாதாரணமாகக் காணப்படுவது என்பதால் அதன் தீர்ப்புக்கே நான் அதிக மதிப்புக் கொடுத்தேன்.

எபிக் கேம்ஸ் நிறுவனத்தார் 2022 ஏப்ரலில் வெளியிட்ட அன்ரியல் எஞ்சினின் ஐந்தாம் பதிப்பில் லூமன் என்றோர் ஒளிமுறை உண்டு. நெற்றி விளக்கிலிருந்து புறப்படும் ஒளி ஒரு மரப்பட்டையில் பட்டுத் தெறித்து, அடுத்த மரத்தின் மேல் மங்கலாகப் படிவதைக்கூட, முன்னதாகக் கணக்கிட்டுச் சேமித்து வைக்காமல் அந்தக் கணத்திலேயே கணக்கிட்டுக் காட்டுவது அதன் விசேஷம். மேசைக் கணினியில் அந்தப் பெண் குனிந்து, பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தைத் துடைத்து வைத்தபோது, பழைய வெட்டுத் தழும்பின் விளிம்பில் வெளிச்சம் ஏறி இறங்கிய விதம் மெய்யாகவே பிரமிப்பூட்டியது. தமிழ் எழுத்துகளும் பிழையின்றி அமைந்தன. கட்டணமும் ஆரம்பநிலைக்காரருக்குப் பாரமானதன்று. ஒரு விளையாட்டின் மொத்த வருமானம் 10 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டிய பிறகுதான் 5 சதவீதப் பங்கு கேட்கிறார்கள். ஆனால் நிறுவுவதற்கே பத்துக்கணக்கான கிகாபைட் இடம் கேட்கும் இந்த எஞ்சினை மடிக்கணினியில் திறந்தால், காட்சி நகர வேண்டும் என்பதற்காக ஒளியலங்காரங்களை ஒவ்வொன்றாக அணைக்க வேண்டிய நிர்ப்பந்தம் நேர்கிறது. அணைத்து முடித்தபின் எஞ்சும் சித்திரமோ, சிறிய எஞ்சின் தரும் சித்திரத்தினின்றும் பெரிதும் வேறுபடுவதில்லை. மலேசியாவின் மெட்ரோனோமிக் குழுவினர் 2020இல் வெளியிட்ட ‘நோ ஸ்ட்ரெயிட் ரோட்ஸ்’ அன்ரியலின் நான்காம் பதிப்பில் உருவானதுதான். குழுவும் மூலதனமும் உள்ளவர்களுக்கு அது உகந்த கருவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

யூனிட்டியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கைப்பேசிக்கு விளையாட்டு இயற்றுவோருக்கு நெடுங்காலமாகப் பழகிய கருவி. 2020இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய ‘கென்ஷின் இம்பாக்ட்’ இதில் உருவானதே. கற்பிக்கும் பாடங்களும் ஏராளம். ஆனால் அப்பாடங்கள் பெரும்பாலும் கையாளும் டெக்ஸ்ட்மெஷ்புரோ என்னும் எழுத்துப் பகுதி, தமிழுக்கு வேண்டிய எழுத்துக் கோவையைச் செய்வதில்லை. கணினியின் நினைவில் மெய்க்குப் பின்னால் நிற்கும் கொம்பு, திரையில் அதற்கு முன்னால் வர வேண்டும். ‘தோட்டம்’ என்னும் சொல்லின் முதல் எழுத்திலோ குறி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் நிற்க வேண்டும். இந்த இடமாற்றம் நிகழாமல் போனால் வாசகம் சிதைகிறது. ஆறாம் பதிப்பில் புகுத்தப்பட்ட புதிய எழுத்துமுறை இக்குறையைத் தீர்க்கும் திசையில் இருக்கிறதெனினும், பழைய முறையில் எழுதிய ஆட்டங்களை அதற்கு மாற்றுவது எளிய காரியமல்ல. முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளைத் தொடங்கிக் கணினியில் தமிழைச் செவ்வையாக நிறுத்த உழைத்த தேசம் இது. இங்கிருந்து புறப்படும் ஒரு விளையாட்டில் கொம்பு இடம் மாறிய தமிழைக் காண்பதை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. 2023 செப்டம்பரில், குறிப்பிட்ட வரம்புகளைத் தாண்டியபின் விளையாட்டு நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று அறிவித்து, கடும் எதிர்ப்புக்குப் பின் 2024 செப்டம்பரில் அதை அந்நிறுவனம் கைவிட்டதும் நினைவில் வைக்கத்தக்கது. பல வருஷ உழைப்பை ஒப்படைக்கும் கருவியின் நிபந்தனைகள் இடையில் மாறக்கூடும் என்பது அதனால் பிரத்தியட்சமாயிற்று.

கோடோவைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கியும் ஆரியல் மன்சூரும் உருவாக்கி, 2014இல் மூலநிரலோடு பொதுவில் வைத்த எஞ்சின் இது. எம்ஐடி உரிமத்தின்படி, இதைக் கொண்டு இயற்றியதை விற்றாலும் எவருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்னும் எழுத்துக்கோவை நூலகம் சேர்ந்ததனால், மூன்றாம் பதிப்பில் சீர்குலைந்து நின்ற தமிழ், இப்போது உரிய வடிவத்தில் நிற்கிறது. எனினும் இரண்டு விஷயங்களில் சிரத்தை வேண்டும். முதலாவது, கணினியில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்துருவை எஞ்சின் தானாகவே தேடி எடுத்துக்கொள்வதால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். அதே ஆட்டத்தை உலாவியில் ஓடும்படி ஏற்றுமதி செய்தால் அந்தத் துணை கிடைக்காது, எழுத்துக்குப் பதில் வெற்றுக் கட்டங்களே தெரியும். ஆகையால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிமமுள்ள எழுத்துருவை ஆட்டத்தோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். இரண்டாவது, பாத்திரங்கள் பேசும்போது வாசகத்தை எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்யும் வழக்கம் இத்தகைய ஆட்டங்களில் உண்டு. அதை இயல்பான அமைப்பிலேயே விட்டுவிட்டால், முதலில் ‘த’ தோன்றி, மறுகணம் அது விலகிக் கொம்பும் காலும் சேர்ந்து ‘தோ’ ஆகி, வரி முழுவதும் நடுங்குவதுபோல் இருக்கும். எழுத்துக்கோவை முடிந்த பிறகே மறைத்துக் காட்டும்படி அமைப்பில் ஒரு தெரிவை மாற்றிவிட்டால் நடுக்கம் நின்றுவிடுகிறது. இந்தச் சின்னஞ்சிறு மாற்றத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட பாடங்கள் வர வேண்டுமென்பது என் ஆசை.

காட்சியின் விஷயத்திலோ, ரப்பர்த் தோட்டமே இந்தச் சிறிய எஞ்சினுக்கு உதவி செய்கிறது. ஒட்டுக்கன்றுகளை நேர்நிரையாக நட்டு வளர்த்த தோட்டத்தில் ஒரு மரம் மற்றொரு மரத்தைப் பெரிதும் ஒத்திருப்பதால், ஐந்தாறு மர வடிவங்களை மட்டும் செய்து, மல்டிமெஷ் என்னும் வசதியால் அவற்றை ஆயிரக்கணக்கில் அடுக்கலாம். ஒவ்வொரு மரத்தையும் தனித்தனியே வரையும் பாரம் கணினிக்கு ஏற்படுவதில்லை. விடியற்காலத்து இருளும் பனியும் தூரத்தை மூடிவிடுகின்றன. ஒரே ஒரு நெற்றி விளக்கின் வட்டத்துக்குள் அகப்படுவதை மட்டும் துலக்கமாகக் காட்டினால் போதும். பழைய சித்திர வன்பொருளுக்கென்றே வைத்திருக்கும் ஓபன்ஜிஎல் முறையைத் தேர்ந்தெடுத்தபோது மடிக்கணினியிலும் காட்சி தடங்கலின்றி ஓடியது. வறண்ட மாதங்களில் இலை சிவந்து உதிர்ந்து, வெட்டவெளிபோல் ஆகிவிடும் தோட்டத்தைப் பகல் வெளிச்சத்தில் காட்ட முயன்றபோதுதான் திணறல் தெரிந்தது. பெரிய நிலப்பரப்பை வடிவமைக்கும் கருவி இதனுள் அமைந்திருக்கவில்லை. பிறர் செய்த இணைப்பு நிரலை நாட வேண்டியிருக்கிறது. ஜெராயை அடிவாரத்திலிருந்து சிகரம் வரை ஏறிச் செல்லும் மலையாகவே அமைக்க விரும்புகிறவருக்கு இது உண்மையான குறை.

நம் இளைஞர்களில் அநேகர் விளையாட்டு இயற்ற ஆசை கொண்டதே, இணையத்தில் பலரோடு சேர்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டங்களால்தான். தட்டைச் சித்திர மனிதர்கள் முப்பரிமாண நிலத்தில் நடமாடும் கொரியாவின் ‘ரக்னராக் ஆன்லைன்’, 2005இல் மலேசிய, சிங்கப்பூர் ஆட்டக்காரர்களுக்கெனத் தொடங்கிய ‘மேப்பிள்ஸ்டோரி’ ஆகியவற்றின் சித்திரங்கள் எளியவை. சாதாரணக் கணினிகளிலும் அவை ஓடியதற்கு அந்த எளிமையே காரணம். எளிமையை அலட்சியம் செய்ததன் விளைவுக்கு ‘ஃபைனல் ஃபேன்டசி’யின் பதினான்காம் ஆட்டம் பெரிய உதாரணம். தனியாள் ஆட்டத்துக்காகப் பிறந்த கிரிஸ்டல் டூல்ஸ் எஞ்சினில் இயற்றப்பட்டு 2010இல் வெளிவந்த அந்த ஆட்டத்தில், ஒரு பூந்தொட்டியின் சித்திரத்துக்குச் செலவான முக்கோணங்கள், ஆட்டக்காரரின் உருவம் ஒன்றுக்கு ஆனவற்றுக்குச் சமமாக இருந்தன என்று, பின்னர் பொறுப்பேற்ற நவோகி யோஷிடா விளக்கியிருக்கிறார். நூறு பேர் கூடும் சந்தையில் தொட்டிகளே கணினியின் சக்தியை விழுங்கிவிட்டால் மனிதரைக் காட்டுவதற்கு என்ன எஞ்சும்? 2012 நவம்பரில் அந்த உலகத்தையே மூடி, புதிய எஞ்சினில் மறுபடி கட்டி, 2013 ஆகஸ்டில் திறந்தார்கள்.

யூனிட்டியில் அமைந்த ‘ஆல்பியன் ஆன்லைன்’ இதற்கு நேர்மாறானது. மேலிருந்து பார்க்கும் எளிய உருவங்கள், கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே உலகம். ஆசியாவுக்கான வழங்கி 2023இல் சிங்கப்பூரில் திறக்கப்பட்டது. தூரம் என்பது இங்கே மிகவும் பொருட்படுத்த வேண்டிய விஷயம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், சுங்கைப்பட்டாணியிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 600 கிலோமீட்டரில் உள்ள சிங்கப்பூருக்குப் போய்த் திரும்ப, வழியில் வேறு தாமதமே இல்லாவிட்டாலும், 6 மில்லி விநாடி ஆகும். 5,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தோக்கியோவுக்கு 50 மில்லி விநாடிக்குக் குறையாது. எந்த எஞ்சினும் இந்தத் தூரத்தைக் குறைத்துவிட முடியாது. கோடோவில் பலர் சேர்ந்து ஆடுவதற்கான வசதிகள் உள்ளடங்கியே வருகின்றன. சிலர் ஓர் ஆட்டத்தில் கூடுவதற்கு அவை தாராளமாகப் போதும். ஆயிரம் பேர் வாழும் நிரந்தர உலகத்தை நிறுவுவது, வழங்கி, தரவுத்தளம், இரவு பகலாகக் காவல் என்று வேறொரு பெருந்தொழில்.

டொராண்டோவின் விசை கேம்ஸ் குழுவினர் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையையே களமாகக் கொண்டு, மறுவருஷம் பிரிட்டனின் பாஃப்டா பரிசைப் பெற்றது. ஒரு மாலைப்பொழுதில் ஆடி முடித்துவிடத்தக்க சிறிய ஆட்டம் அது. கெடாவிலிருந்து தொடங்குகிறவருக்கும் அந்த அளவையே சிபாரிசு செய்வேன்: கோடோவின் நான்காம் பதிப்பு, ஓபன்ஜிஎல் முறை, கூடவே அனுப்பும் தமிழ் எழுத்துரு, ஒரே வீட்டு இணைப்பில் கூடி ஆடும் நான்கு பேர், பெரட்டில் தொடங்கிப் பால் நிறுக்கும் கொட்டகையில் முடியும் ஒரு காலை.